மொட்டைக் கடிதத்துக்கு யாருக்குப் பதில் போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நடுப்பக்கத்தில் வந்த அணுப் பயங்கரவாதம் பற்றிய கட்டுரையை எங்கள் பகுதிப் படிப்பகத்தில் படித்தேன். நம் நகரம் ஒன்றில் பயங்கரவாதிகள் அணுகுண்டு வெடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் எதிரி நாட்டைத் தரைமட்டமாக்கிவிட வேண்டும், அந்தப் பயம் இருந்தால் எவனும் வாலாட்ட மாட்டான் என்ற பொருளில் கட்டுரையாளர் முடித்திருந்தார். வீரமான முடிவுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ஏவுகணையை எந்த ஊரைப் பார்த்துத் திருப்புவது என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. கட்டுரையின் மற்ற எல்லாம் அந்த ஒரு விவரத்தை நம்பித்தான் நிற்கிறது.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. திருச்சி வட்டாரத்தில் பாய்லர் குழாய்களின் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படம் எடுத்துச் சோதிக்கும் ரேடியோகிராபர் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இரும்புக் குழாயின் உள்ளே வெடிப்பு இருக்கிறதா, காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்க்க இரிடியம்-192 வைத்த பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவோம். பெட்டிக்குக் கேமரா என்று பெயர்; உள்ளே இருக்கும் சில மில்லிமீட்டர் உலோகத்துக்குச் சோர்ஸ் என்று பெயர். கதிரியக்கப் பொருளை எண்ணிக் கணக்கு வைப்பது, பூட்டுவது, காணோம் என்றால் பதறுவது, இதெல்லாம் எனக்குப் பிழைப்பாக இருந்தது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கட்டுரையில் இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. மருத்துவமனையிலோ தொழிற்சாலையிலோ இருக்கும் கதிரியக்கப் பொருளைச் சாதாரண வெடியோடு சேர்த்துச் சிதறடிப்பது ஒன்று. அதனால் சாகிறவர்களைவிட ஊரைக் காலி செய்து ஓடுகிறவர்கள் அதிகமாக இருப்பார்கள். உண்மையான அணுகுண்டு என்பது வேறு. அதற்குச் செறிவூட்டிய யுரேனியமோ (யுரேனியம்-235 என்ற வகையின் பங்கைக் கூட்டியது) புளூட்டோனியமோ வேண்டும். ஒரு குண்டு செய்யப் போதும் என்று சர்வதேச அணுசக்தி முகமை தன் கணக்குக்கு வைத்திருக்கும் அளவு, யுரேனியம்-235 என்றால் 25 கிலோ, புளூட்டோனியம் என்றால் 8 கிலோ. இதை எந்தக் குழுவாலும் சொந்தமாகத் தயாரிக்க முடியாது. ஏதோ ஓர் அரசின் கிடங்கிலிருந்துதான் வந்தாக வேண்டும். கொடுத்திருக்க வேண்டும், அல்லது திருடியிருக்க வேண்டும். என் கடிதம் முழுக்க இந்த 'அல்லது' பற்றியதுதான்.

ஏவுகணை கிளம்பினால் எங்கிருந்து கிளம்பியது என்று செயற்கைக்கோளும் ரேடாரும் சில நிமிடங்களில் சொல்லிவிடும். அதனால்தான் அமெரிக்காவும் சோவியத் நாடும் ஆயிரக்கணக்கில் குண்டுகளை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே காலம் தள்ள முடிந்தது. பெட்டிக்குள் வந்து வெடிக்கும் குண்டோ கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதம். இந்தக் கவலை புதியதும் இல்லை. 1939 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்டுக்கு ஐன்ஸ்டீன் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதத்திலேயே, இப்படிப்பட்ட குண்டு ஒன்றைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய்த் துறைமுகத்தில் வெடித்தால் துறைமுகமே அழியும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. குண்டே இல்லாத காலத்தில் எழுதியது! போர் முடிந்தபின், அமெரிக்க அணுகுண்டை உருவாக்கிய விஞ்ஞானிகளுக்குத் தலைமை தாங்கிய ஓப்பன்ஹைமரிடம், நகரத்துக்குள் ஒளித்துவைத்த குண்டைக் கண்டுபிடிக்க என்ன கருவி வேண்டும் என்று செனட்டர்கள் கேட்டபோது, ஸ்க்ரூடிரைவர் என்றார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

பெட்டி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எவ்வளவு காலம் பிடிக்கும்? அணுகுண்டுக்கு உதாரணம் கிடையாது, நல்ல வேளையாக. ஆனால் 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஆந்த்ராக்ஸ் கடித விவகாரத்தைக் கட்டுரையாளர் நினைத்துப் பார்த்திருக்கலாம். இரட்டைக் கோபுரம் விழுந்த சூடு ஆறுவதற்குள் பத்திரிகை அலுவலகங்களுக்கும் இரண்டு செனட்டர்களுக்கும் தபாலில் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் வந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். உறைக்குள் இருந்த துண்டுக் காகிதத்தில் இஸ்லாமியத் தீவிரவாதிகள் எழுதியதுபோல வாசகம். அப்புறம் கேட்கவா வேண்டும்? சந்தேகம் அல் கொய்தாவின் பக்கம் போனது, இராக் பக்கம் போனது. 2003 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் சின்னக் குப்பி ஒன்றைத் தூக்கிக் காட்டி இராக்கின் ஆந்த்ராக்ஸ் பற்றிப் பேசியதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அடுத்த மாதம் போர்.

அந்தக் கிருமியின் பூர்வீகமோ வேறு. அது அமெரிக்க ஆய்வகங்களில் வைத்து வளர்த்த ரகம். புலனாய்வுத் துறை முதலில் ஒரு விஞ்ஞானியைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அவருக்கு நஷ்டஈடு கொடுத்தது. 2008 ஆகஸ்டில்தான், மேரிலாந்தில் உள்ள அமெரிக்க ராணுவ ஆய்வகத்திலேயே வேலை பார்த்த வேறொருவரைக் குற்றவாளி என்று அறிவித்தது. அதற்குள் அவர் தற்கொலை செய்துகொண்டிருந்தார். 2011இல் அந்நாட்டு அறிவியல் அகாதமி, ஆய்வகச் சான்றுகளை மட்டும் வைத்து அப்படி உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்று குறிப்பு எழுதியது. உலகத்திலேயே பெரிய புலனாய்வு இயந்திரம், சொந்த நாட்டுத் தபால் முத்திரை குத்திய உறைகள், கையில் பத்திரமாக இருக்கும் தூள். இவ்வளவு இருந்தும் ஏழு ஆண்டுகள். நம் கட்டுரையாளர் கொடுப்பது ஒரு மணி நேரம்.

அணுப் பொருளுக்கு விரல் ரேகை உண்டு என்பார்கள். உண்மைதான். யுரேனியத்தில் எந்த ஐசோடோப்பு (எடை வேறுபட்ட அணு வகை) எவ்வளவு இருக்கிறது, என்ன அசுத்தம் கலந்திருக்கிறது, சுத்திகரித்து எத்தனை ஆண்டாயிற்று என்றெல்லாம் படித்துவிட முடியும். 1999 மே மாதம் பல்கேரிய எல்லையில் ஒரு காரைச் சோதித்தபோது, டயருக்குக் காற்றடிக்கும் கருவிக்குள் ஈயக் குடுவை ஒன்று அகப்பட்டது. அதற்குள் மஞ்சள் மெழுகு, மெழுகுக்குள் கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் சில கிராம் யுரேனியத் தூள், செறிவு 70 சதவீதத்துக்கு மேல். அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தூளை மட்டும் பார்க்கவில்லை. மெழுகுக்கு மஞ்சள் நிறம் எதனால் வந்தது, ஈயம் எந்த வகை, உள்ளே சுற்றியிருந்த காகிதம் எந்த மரக்கூழில் செய்தது என்று மாதக்கணக்கில் குடைந்தார்கள். உலையில் எரித்து மீட்டெடுத்த யுரேனியம் என்பது வரை தெரிந்தது. எந்த ஆலையின் எந்தக் கதவு வழியாக வெளியே வந்தது என்று உலகத்துக்குச் சொல்லும் அளவுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் ரேகை கிடைத்தால் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க எல்லோருடைய ரேகையும் பதிவேட்டில் இருக்க வேண்டும். எந்த நாடு தன் ஆயுத யுரேனியத்தின் சேர்மானத்தை வெளியாருக்கு எழுதிக் கொடுக்கும்? நாம் கொடுப்போமா? இதெல்லாம் வெடிக்காத குப்பிக்கு நடந்த சோதனை. வெடித்த பிறகு சாம்பலில் தேடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ரேகை பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது சமைத்தவரைக் காட்டும், அனுப்பியவரைக் காட்டாது. 2010இல் ஆர்மீனியாவிலிருந்து ரயிலில் ஜார்ஜியாவுக்கு வந்த இருவர் ஈயம் பூசிய சிகரெட் பெட்டியில் 18 கிராம் செறிவூட்டிய யுரேனியத்தோடு பிடிபட்டார்கள். ஒருவர் தொழிலில் நொடித்துப்போன வியாபாரி, இன்னொருவர் இயற்பியல் படித்தவர். வாங்க வந்தவர், அவர்கள் நல்ல காலமோ நம் நல்ல காலமோ, மாறுவேடப் போலீஸ். இதுவே 25 கிலோவாக இருந்து, வாங்கியவர் போலீஸாக இல்லாமல் இருந்து, ரேகை ரஷ்ய ஆலை ஒன்றைக் காட்டியிருந்தால்? மாஸ்கோவைத் தரைமட்டமாக்குவதா? அமெரிக்காவும் சோவியத்தும் பிரிட்டனும் ஒரு காலத்தில் ஆராய்ச்சி உலைகளுக்கென்று எத்தனையோ நாடுகளுக்குச் செறிவூட்டிய யுரேனியத்தைக் கொடுத்திருக்கின்றன. டிராம்பேயில் 1956இல் இயங்கத் தொடங்கிய நம் அப்சரா உலையும் பிரிட்டன் கொடுத்த எரிபொருளில் ஓடியதுதான். அப்படிப்பட்ட ஓர் இடத்திலிருந்து களவு போனால் விரல் ரேகை லண்டனைக் காட்டும்.

அனுப்பியவர் யார் என்று தெளிவாகத் தெரிந்த சம்பவங்களில் என்ன நடந்தது? பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி அப்துல் காதிர் கான் ஈரானுக்கும் லிபியாவுக்கும் வடகொரியாவுக்கும் அணுத் தொழில்நுட்பம் கொடுத்ததை 2004 பிப்ரவரி 4ஆம் தேதி தொலைக்காட்சியில் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய அக்டோபரில் லிபியாவுக்குப் போன கப்பலிலிருந்து, யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிபியூஜ் இயந்திரத்தின் உதிரிபாகங்களே பிடிபட்டிருந்தன. கையும் களவுமாக என்பதற்கு வேறு அர்த்தம் உண்டா? மறுநாளே அதிபர் முஷாரஃப் மன்னிப்பு வழங்கினார். சில ஆண்டுகள் வீட்டுக்காவல், அவ்வளவுதான். அந்நாட்டின் மேல் யாரும் ஒரு கல்லைக்கூட எறியவில்லை. 2008 நவம்பரில் மும்பையில் ஒருவனை உயிரோடு பிடித்தோம், தொலைபேசிப் பேச்சையெல்லாம் பதிவு செய்தோம். அப்போதும் நாம் செய்தது கோப்புத் தயாரித்துக் கொடுத்ததுதான். கோழைத்தனத்தால் அல்ல. எதிரில் இருப்பதும் அணு ஆயுத நாடு, அதன் அரசோ எங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறது, நம் அடியில் சாகப்போவது லாகூரில் காய்கறி விற்பவன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் தயங்கியதில் எனக்குக் குறை இல்லை. அதன் பின்னர் நடந்த பதிலடிகளைப் பற்றி அவரவருக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கலாம். அவை எவற்றிலும் எதிரி எந்தப் பக்கம் இருக்கிறான் என்ற சந்தேகம் டெல்லிக்கு இருக்கவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

2003 ஜனவரியில் அரசு வெளியிட்ட நம் அணு ஆயுதக் கொள்கைக் குறிப்பு, முதலில் பயன்படுத்த மாட்டோம், தாக்கினால் பதிலடி பெரும் அளவில் இருக்கும் என்று சொல்கிறது. தாக்கியது யார் என்று தெரியாவிட்டால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை. இரண்டு அணு நாடுகள் மோதிக்கொள்ள வேண்டும் என்பதே ஒரு குழுவின் ஆசையாக இருந்தால், கட்டுரையாளர் சொல்லும் ஒரு மணி நேரப் பதிலடிதான் அந்தக் குழுவுக்கு நாம் கொடுக்கும் இரண்டாவது குண்டு.

இதுவரை எழுதியதைப் பலரும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது.

2006இல் வடகொரியா அணுச் சோதனை செய்தபோது அமெரிக்க அதிபர் புஷ், அந்தப் பொருளை வேறு யாருக்காவது கைமாற்றினால் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில் என்று எச்சரித்தார். விற்கிறவனுக்கு இந்த மிரட்டல் சரி. ஆனால் திருட்டுக் கொடுத்தவனுக்கும் இதே மிரட்டல் என்றால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? என் கிடங்கிலிருந்து யுரேனியம் காணாமல் போய்விட்டது. அது எங்கேயாவது வெடித்தால் என் நாடு சாம்பலாகும் என்று தெரியும். நான் வெளியே சொல்வேனா, மூடி மறைப்பேனா? காணாமல் போன முதல் நாளே உலகத்துக்குச் சொன்னால் எல்லைகளில் தேடலாம், பிடிக்கலாம். அந்த ஒரு வாய்ப்பையும் கண்மூடித்தனமான பதிலடி மிரட்டல் கெடுத்துவிடுகிறது.

இதை நான் வேலைத்தளத்தில் பார்த்திருக்கிறேன். படம் எடுக்கும்போது கேபிளைச் சுற்றிச் சோர்ஸைக் கேமராவிலிருந்து குழாய் வழியாக வெளியே தள்ளுவோம்; நேரம் முடிந்ததும் திரும்பச் சுற்றி உள்ளே இழுப்போம். உள்ளே வந்துவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது. கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தபடியேதான் பெட்டியை நெருங்க வேண்டும். எப்போதாவது வழியில் சிக்கிக்கொள்ளும். ஓர் ஒப்பந்ததாரரின் தளத்தில், சோர்ஸ் சிக்கியது என்று சொல்கிறவனுக்கு அன்றைய கூலி கிடையாது, மறுநாள் வேலையும் சந்தேகம். விளைவு, அங்கே பையன்கள் வாயைத் திறக்கவே மாட்டார்கள். தாங்களே குழாயை ஆட்டியும் தட்டியும் பார்ப்பார்கள். கதிர்வீச்சளவைப் பதியும் பேட்ஜைக் கழற்றித் தூரமாக வைத்துவிட்டு இதைச் செய்தவனையும் எனக்குத் தெரியும். வேறொரு தளத்தில் இருந்த மேற்பார்வையாளர், வாயைத் திறந்தால் வசவுதான் வரும், ஆனாலும் ஒரு விதி வைத்திருந்தார்: சிக்கிய ஐந்து நிமிடத்துக்குள் வந்து சொன்னவனிடம் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது, மறைத்தவனுக்கு அன்றோடு கணக்கு முடிந்தது. அந்தத் தளத்தில் எல்லாமே நேரத்துக்கு வெளியே வந்தது. நாடுகளுக்கும் இந்த விதியைத்தான் சொல்ல வேண்டும். உடனே சொன்னவனுக்கு உதவி, மறைத்தவனுக்குத் தண்டனை. குண்டு வெடித்தவனுக்குத் தண்டனை என்பதை அவன் பொருட்படுத்தப் போவதில்லை, அவன் சாகத் தயாராகத்தான் வந்திருக்கிறான்.

உடனே சொல்வதற்கு, காணாமல் போனது முதலில் தெரிய வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் கோபால்ட்-60 வைத்த கருவி ஒன்று 1985க்குப் பிறகு யாரும் தொடாமல் கிடந்தது. 2010 பிப்ரவரியில் அதைப் பழைய சாமான்களோடு ஏலத்தில் விட்டார்கள். மாயாபுரி காயலான் கடையில் அதைப் பிரித்த தொழிலாளிகளுக்குத் தோல் கருகியது, ஒருவர் இறந்தார். கோபால்ட் போய்விட்டது என்பதைப் பல்கலைக்கழகம் தன் பதிவேட்டிலிருந்து அறியவில்லை, மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அறிந்தது. 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில் மூடிய மருத்துவமனையிலிருந்து பழைய இரும்பு பொறுக்கியவர்கள் எடுத்துப்போன சீசியம்-137 நூறு கிராம்கூட இல்லை. இருட்டில் நீலமாக ஒளிர்கிறதே என்று உறவினர்களுக்கெல்லாம் பங்கு கொடுத்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். லட்சத்துக்கும் அதிகமானவர்களை விளையாட்டு அரங்கில் நிறுத்திச் சோதிக்க வேண்டியதாயிற்று. இவர்கள் யாரும் பயங்கரவாதிகள் அல்ல. கெட்ட எண்ணமே இல்லாதவர்களுக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்கிறது. மாயாபுரிக்கு இரண்டு ஆண்டு கழித்து, 2012இல், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தைப் பற்றி எழுதிய அறிக்கையில், பயன்படுத்தி முடித்த கதிரியக்கப் பொருள்கள் உண்மையிலேயே அப்புறப்படுத்தப்பட்டனவா என்று சரிபார்க்கச் சரியான ஏற்பாடு இல்லை என்றிருந்தது. அந்த அறிக்கை வந்த வாரம் இவ்வளவு பெரிய எழுத்தில் நடுப்பக்கக் கட்டுரை எதையும் நான் பார்த்த நினைவில்லை.

காவல் என்று எடுத்தாலும் ஆயுதத்தை அடுக்கினால் போதும் என்றில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், செறிவூட்டிய யுரேனியத்தை மலையாகக் குவித்து வைத்திருக்கும் ஒய்-12 வளாகத்துக்குள் 2012 ஜூலையில் நள்ளிரவில் மூன்று பேர் வேலியை வெட்டிக்கொண்டு கிடங்குச் சுவர் வரை போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் 82 வயதுக் கன்னியாஸ்திரி. போருக்கு எதிராகச் சுவரில் எழுதிவிட்டு, வந்த காவலருக்கு ரொட்டி நீட்டினார்கள். படித்தபோது சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 2007 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் பெலிண்டாபா அணு ஆராய்ச்சி மையத்தில் புகுந்தவர்கள் ரொட்டியோடு வரவில்லை. ஓர் ஊழியரைச் சுட்டுவிட்டுத் தப்பிப் போனார்கள். வெளியாளைவிட உள்ளாள் பெரிய தலைவலி. 2009இல் கைகா அணுமின் நிலையத்தில் குடிநீர்க் குளிர்விப்பானில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த கனநீரை (உலையில் பயன்படும் நீர்) சேர்த்தது உள்ளே நடமாட அனுமதி உள்ள யாரோதான். 2014 அக்டோபரில் கல்பாக்கத்தில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படைத் தலைமைக் காவலர் ஒருவரே சக காவலர்கள் மூவரைச் சுட்டுக் கொன்றார். இந்த ஆபத்துகளில் எதற்கும் அக்னி ஏவுகணை மருந்தில்லை.

மருந்து இருந்த இடங்களும் உண்டு, அவை செய்தியாவதில்லை. 1994இல் கஜகஸ்தானில் சோவியத் விட்டுச் சென்ற சுமார் 600 கிலோ செறிவூட்டிய யுரேனியத்தை அந்நாட்டு அரசே சொல்லி, அமெரிக்கர்கள் விமானத்தில் அள்ளிக்கொண்டு போனார்கள். ரஷ்யாவின் 500 டன் ஆயுத யுரேனியத்தை 1993 முதல் 2013 வரை நீர்க்கச் செய்து அமெரிக்க மின் நிலையங்களில் எரித்தார்கள். எரிந்துபோன யுரேனியத்தை யாராலும் திருட முடியாது.

ஆசிரியர் அவர்களே, பதிலடி பற்றி எழுத உங்களுக்கு ஆள் பஞ்சம் இருக்காது. உங்கள் செய்தியாளர் ஒருவரை மட்டும் இந்த வேலைக்கு அனுப்புங்கள். நம் மாவட்டங்களில் புற்றுநோய் சிகிச்சைக்குக் கோபால்ட் இயந்திரம் வைத்திருந்து, கதிரியக்கப் பொருள் இல்லாமல் மின்சாரத்தில் கதிர்வீச்சு தரும் லீனியர் ஆக்சிலரேட்டர் வந்த பிறகு அதை ஓரங்கட்டிய மருத்துவமனைகள் எத்தனை, மூடிவிட்ட மருத்துவமனைகள் எத்தனை, அந்தச் சோர்ஸ்கள் திரும்பிப் போனதற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். ரசீதைக் கண்ணால் பார்க்க வேண்டும். 'அனுப்பியாயிற்று' என்ற பதிலை ஏற்கக் கூடாது. கூட வர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். சர்வே மீட்டரைத்தான் யாரிடமாவது இரவல் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோகிராபர்,
திருவெறும்பூர், திருச்சி.